சிறிய காரில் பெரிய வீல்: டயர் உரசலைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. என்னுடைய இரண்டாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட்டுக்கு 16 அங்குல அலாய் வீலும், வண்டியை 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்கும் மாட்டிய புதிதில், நான்கு பேரும் இரண்டு நாளைக்கான பைகளுமாக அந்த மலையில் ஏறினோம். வலப்பக்கம் திரும்பும் வளைவு ஒவ்வொன்றிலும் இடப்பக்கப் பின்சக்கரத்திலிருந்து ‘கர்ர்’ என்று ஓர் ஓசை எழுந்தது. இடப்பக்கம் திரும்பும்போது ஒன்றுமில்லை. நகரத்துக்குள் தனியாக ஓட்டிய இரண்டு வாரத்தில் அந்த ஓசையை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வீல் மாட்டித் தந்த கடையில் போய்க் கேட்டதற்கு, “கொஞ்ச நாள் ஓட்டுங்க சார், தானா தேஞ்சு செட் ஆயிடும்” என்றார்கள். தேய்ந்தது உண்மைதான், ஆனால் தேய்ந்தது டயரின் பக்கச்சுவர். வீலைக் கழற்றிப் பார்த்தபோது, பக்கச்சுவரின் மேல் தோளில், கத்தியால் கோடு கிழித்ததுபோல முழுச்சுற்றும் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. டயருக்கு மேலே உடல்தகடு வளையும் இடமான சக்கர வளைவின் உள்மடிப்பில் கறுப்பு ரப்பர்த் தூள் மாவாக ஒட்டியிருந்தது.

இத்தகைய உரசலுக்குப் பெரும்பாலான இடங்களில் முதலில் சொல்லப்படும் மருந்து வெட்டுவதுதான்: உள்மடிப்பை மடக்கு, பிளாஸ்டிக்கை அறு, வீலை வெளியே தள்ளும் ஸ்பேசர் வளையத்தைப் போடு என்பார்கள். டயர் எந்த இடத்தில், எந்த நிலையில், எத்தனை மில்லிமீட்டர் அளவுக்கு இடிக்கிறது என்பதை அறியாமல் செய்யும் எந்த வேலையும் ஓர் உரசலை நீக்கி இன்னொன்றைக் கொண்டுவரும் என்பதைப் பணம் கொடுத்துக் கற்றவன் என்ற முறையில், கண்டறிவதற்கும் கணக்குப் பார்ப்பதற்குமே இங்கே அதிக இடம் தருகிறேன்.

உரசும் இடத்தைக் கண்டறிதல்

ஓசை எப்போது வருகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். வண்டி நின்ற நிலையில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்தால் மட்டும் உரசுகிறது என்றால், முன்சக்கரம் ஃபெண்டர் லைனர் எனப்படும் உட்புற பிளாஸ்டிக்கையோ, பின்னால் தொங்கும் மட் ஃப்ளாப்பையோ, பம்பரின் ஓரத்தையோ தொடுகிறது. ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது வேகத்தடையிலும் பள்ளத்திலும் மட்டும் இடித்தால், சஸ்பென்ஷன் அமுங்கும்போது டயரின் மேற்பகுதி சக்கர வளைவை எட்டுகிறது என்று பொருள். வளைவில் திரும்பும்போது மட்டும் வந்தால், வண்டி சாயும் பக்கத்துச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். வலப்பக்கம் திரும்பினால் உடல்பகுதி இடப்பக்கம் சாய்வதால், என் வண்டியில் இடப்பக்கப் பின்சக்கரம் கத்தியது. எந்நேரமும், வேகத்துக்கு ஏற்ப, தொடர்ந்து ஓசை வருகிறது என்றால் டயர் உட்புறத்தில் ஷாக் அப்சார்பரைத் தொடுகிறது, அல்லது வீலின் ஆரக்கால் பிரேக் கேலிப்பரைத் தொடுகிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

இடத்தைத் துல்லியமாகக் காண எளிய வழி ஒன்று உண்டு. சந்தேகப்படும் விளிம்புகளில் வெள்ளை சாக்பீஸை நன்றாகத் தேய்த்துவிட்டு, வண்டியில் வழக்கமாக ஏறும் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு, உரசல் வரும் அதே சாலையில் ஓட்டி வர வேண்டும். சாக்பீஸ் அழிந்த இடமே குற்றவாளி. சாக்பீஸ் இடத்தைக் காட்டும், இடைவெளியின் அளவைக் காட்டாது. அளவுக்கு நான் பயன்படுத்துவது சப்பாத்தி மாவு. சற்றுக் கெட்டியாகப் பிசைந்த மாவை எலுமிச்சம்பழ அளவு உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் தட்டுக்குக் கீழேயும் லைனரின் உள்முகத்திலும் டேப்பால் ஒட்டி, குடியிருப்புச் சாலையில் மெதுவாக, வேகத்தடைகளில் ஏறி இறங்கி, இரு பக்கமும் முழுவதும் ஒடித்துத் திருப்பி வந்தால், டயர் நெருங்கிய அளவுக்கு மாவு அமுங்கியிருக்கும். எஞ்சிய தடிமனை அளவுகோலால் அளந்தால் அதுவே உண்மையான இடைவெளி. சமையலறையில் ஒருமுறை விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம்விட உறுதியான சோதனை, ஸ்பிரிங் இல்லாமல் செய்வது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, உடல்பகுதியின் கீழ் உறுதியான ஸ்டாண்டுகளை நிறுத்தி, ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த முன் ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் பூட்டி, சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்மின் அடியில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தை மெல்ல உயர்த்தினால், பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் நிறுத்தியைத் தொடும்வரை சக்கரம் போகும் முழுப் பாதையையும் கண்ணால் பார்க்கலாம். ஒவ்வோர் அங்குல உயர்வுக்கும் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். அழுத்தப்பட்ட ஸ்பிரிங் உயிரைப் பறிக்கும் விசை கொண்டது என்பதால், ஸ்பிரிங் கம்ப்ரசர் கருவியும் பழகிய மெக்கானிக்கும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். அரை நாள் வேலை. ஆனால் இந்தச் சோதனையில் தொடாத டயர் பெரும்பாலும் சாலையிலும் தொடாது.

சோதனை எல்லாவற்றுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. புதிய டயரின் பள்ள ஆழம் ஏறத்தாழ 8 மி.மீ. இருக்கும், அதை 1.6 மி.மீ. வரை தேயவிட்டால் டயரின் விட்டத்தில் 12 மி.மீட்டருக்கு மேல் குறைந்துவிடும். ஆகவே, பாதி தேய்ந்த டயரோடு வாங்கிய பழைய அலாய் வீல் செட் உரசாமல் ஓடியது என்பதற்காக, அதே அளவில் புது டயர் போட்டாலும் உரசாது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே அளவு எண் கொண்ட இரண்டு நிறுவன டயர்களின் தோள் வடிவமும் அகலமும்கூடச் சில மி.மீ. வேறுபடும், தோள் சதுரமாக உள்ள டயர் முதலில் இடிக்கும்.

எண்களில் பிரச்சினையைப் பார்த்தல்

டயரின் பக்கத்தில் 185/65 ஆர்15 என்று இருந்தால், அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். பக்கச்சுவர் 120.25 மி.மீ.; இரண்டு பக்கமும் சேர்த்து 240.5, ரிம் 381 மி.மீ.; மொத்த விட்டம் 621.5 மி.மீ. ஸ்விஃப்ட்டின் கீழ்நிலை வகைகளுக்கு வந்த 165/80 ஆர்14 டயரின் விட்டம் இதே கணக்கில் 619.6 மி.மீ. வருகிறது. அளவுகள் வேறாகத் தோன்றினாலும் விட்டத்தில் இரண்டு மி.மீ.தான் வேறுபாடு; நிறுவனம் எதை மாற்றாமல் காப்பாற்றியிருக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. 16 அங்குலத்துக்கு மாறும்போது 195/55 டயரின் விட்டம் 620.9 மி.மீ., கிட்டத்தட்ட அதே உயரம். நான் மாட்டியிருந்த 205/55 டயருக்கோ 631.9 மி.மீ.; அதாவது, டயரின் மேல் விளிம்பு சக்கர வளைவை நோக்கி 5 மி.மீ. ஏறியிருந்தது. விட்ட மாற்றத்தை 3 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்பது பொதுவான வழக்கம். தாழ்த்திய சிறிய காரில் அந்த 3 சதவீதம்கூட அதிகம், 1 சதவீதத்துக்குள் நிற்பதே நல்லது என்பது என் கருத்து.

உயரத்தைவிட அதிகமான தொல்லையைத் தருவது ஆஃப்செட். ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, வீல், அச்சு முனையிலுள்ள ஹப்போடு பொருந்தும் முகம் எவ்வளவு வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதே அந்த எண். ஈடி 45 என்றால் 45 மி.மீ. எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். அகலமும் ஆஃப்செட்டும் ரிம்மின் உட்புறத்திலோ ஆரக்காலின் பின்புறத்திலோ பொறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பாமல், மாட்டுவதற்கு முன் நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்காக, பழைய வீல் 5.5ஜே (அதாவது 5.5 அங்குல) அகலம், ஈடி 45, டயர் 185 என்று வைத்துக்கொள்வோம். டயரின் பாதி அகலம் 92.5, அதிலிருந்து 45 போனால், ஹப் முகத்திலிருந்து டயர் வெளிப்பக்கம் 47.5 மி.மீ. நீட்டியிருக்கிறது, 45ஐக் கூட்டினால் உட்பக்கம் 137.5 மி.மீ. எனக்குத் தரப்பட்ட வீல் 7ஜே அகலம், ஈடி 38. டயரின் அகலத்தை அளக்க நிர்ணயிக்கப்பட்ட ரிம்மைவிட அரை அங்குலம் அகலமான ரிம்மில் மாட்டினால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும் என்பதால், 205 டயர் அதில் 210 ஆகிறது. பாதி 105; வெளிப்பக்கம் 67, உட்பக்கம் 143. ஆக, டயர் வெளியே 19.5 மி.மீட்டரும் உள்ளே 5.5 மி.மீட்டரும் மேலே 5 மி.மீட்டரும் நகர்ந்து, அதற்கு மேல் வண்டியும் 30 மி.மீ. தாழ்ந்திருந்தது. இந்தக் கூட்டலை ஒரு துண்டுத்தாளில் முன்பே போட்டிருந்தால் கொல்லிமலை வரை போயிருக்க வேண்டியதில்லை.

இதே கணக்கை 6.5ஜே, ஈடி 40 வீலுக்கும் 195/55 ஆர்16 டயருக்கும் போட்டால், டயர் ஏறத்தாழ 200 மி.மீ. விரிந்து, வெளிப்பக்கம் 60, உட்பக்கம் 140 என்று வரும். அதாவது வெளியே 12.5, உள்ளே 2.5, மேலே ஒன்றுமில்லை. வெளியே மட்டும் இடமிருந்து உள்ளே இடமில்லாத வண்டிக்கு ஆஃப்செட் எண் குறைந்த வீலும், மாறாக இருந்தால் எண் கூடிய வீலும் ஏற்றவை. உள்ளே எவ்வளவு இடம் தேவை என்றால், ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் இடையே குறைந்தது 5 மி.மீட்டரும், கேலிப்பருக்கும் ஆரக்காலுக்கும் இடையே 3 மி.மீட்டரும் நான் வைத்துக்கொள்ளும் அளவு. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் சென்சார் ஒயரும் போகும் பக்கத்தில் இந்த அளவு போதாது. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்த நிலையில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

வீல் வாங்கும்போதே சரிபார்க்க வேண்டிய மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்விஃப்ட்டின் போல்ட் வட்டம் 4×100 (100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் 4 போல்ட்), ஹப்பின் நடுத்துளை 54.1 மி.மீ., நட்டு ஏறும் திருகான ஸ்டட் எம்12 (12 மி.மீ. தடிமன்), மரையின் இடைவெளி 1.25 மி.மீ. வெளிச்சந்தை அலாய்களின் நடுத்துளை பெரும்பாலும் 67 அல்லது 73 மி.மீ. அளவில் இருக்கும் என்பதால், இடையில் பொருந்தும் ஹப் வளையம் போட வேண்டும். இல்லையென்றால் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் ஆடும், பேலன்சிங் செய்து செய்து அலுத்துப்போவீர்கள். டயரின் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையக் கூடாது: 85 என்றால் 515 கிலோ, 87 என்றால் 545 கிலோ, 88 என்றால் 560 கிலோ. வாகனத்தின் அடிப்படை அமைப்பைத் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடுக்கிறது. காப்பீட்டில் சிக்கல் வராமலிருக்க, அதே மாடலின் ஏதாவது ஒரு வகைக்கு நிறுவனமே தந்த அளவை ஒட்டி நிற்பது பாதுகாப்பானது.

சரிசெய்யும் வரிசை

செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குவோம். காற்றழுத்தம் குறைந்த டயரின் பக்கச்சுவர் பிதுங்கும். முழுச் சுமைக்குக் கையேட்டில் தனியாகக் குறிப்பிட்ட அழுத்தம் இருந்தால், பயணத்துக்கு முன் அதை வைத்தாலே மெல்லிய உரசல் சில வண்டிகளில் நின்றுவிடும். அடுத்தது மட் ஃப்ளாப். அதைக் கழற்றினாலோ ஓரத்தைச் செதுக்கினாலோ பல வண்டிகளில் முன்சக்கர உரசல் குறையும். லைனர் பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, உடனே அறுக்க வேண்டாம். அதைப் பிடிக்கும் கிளிப்கள் ஒன்றிரண்டு உடைந்து, பிளாஸ்டிக் உள்நோக்கித் தொங்குவதே பல வண்டிகளில் காரணம்; சில பத்து ரூபாய்க் கிளிப்புகள் போதும். அப்படியும் இடித்தால், ஹீட் கன்னால் மிதமாகச் சூடாக்கி, தடிமனான துணியைக் கையுறையின்மேல் சுற்றிக்கொண்டு, உடல்பகுதியை நோக்கி அழுத்திப் பிடித்து ஆறவிட்டால், 5 முதல் 10 மி.மீ. வரை இடம் கிடைக்கும். லைனரை முழுவதும் எடுத்துவிடுவது மிக மோசமான யோசனை: முதல் மழையிலேயே சேறும் தண்ணீரும் ஒயரிங் கனெக்டர்களுக்குள் போகும்.

ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால் மட்டும் இடிக்கும் வண்டியில், சக்கரங்களைத் திருப்பும் ரேக்கின் முனையில் சிறிய வளையம் போட்டுத் திரும்பும் அளவைக் குறைக்கும் வழியும் உண்டு. ஸ்விஃப்ட்டின் திரும்பும் ஆரமே 4.8 மீட்டர்தான், தெருமுனையில் ஒரே வீச்சில் திருப்பக்கூடிய அந்த வசதிக்காகவே பலர் சிறிய கார் வாங்குகிறார்கள். அழகுக்காக அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அமுங்கும்போது இடிக்கும் வண்டிக்கு உயரத்திலேயே மருந்து தேட வேண்டும். தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டிருந்தால் பின்பக்கத்துக்கு மட்டும் பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பின்னிருக்கையில் மூவர் அமர்ந்தால் பின்பக்கம்தான் அதிகம் தாழும். தாழ்த்தாத வண்டி என்றால் ஸ்பிரிங் களைத்திருக்கலாம்: சமதளத்தில் நிறுத்தி, ஹப்பின் நடுவிலிருந்து சக்கர வளைவின் உச்சிவரை நான்கு பக்கமும் அளந்து, இடமும் வலமும் 10 மி.மீட்டருக்கு மேல் வேறுபட்டால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பம்ப் ஸ்டாப்போடு சேர்த்துத் தடிமனான வளையம் வைத்து, சக்கரம் கடைசி 10 மி.மீ. ஏறாமல் நிறுத்துவதும் நல்ல வழி. பள்ளத்தில் சற்று முரட்டுத்தனமாக இடிப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சுருளுக்கு இடையில் திணிக்கும் ரப்பர் பஃபரை நான் பரிந்துரைப்பதில்லை. அது உயரத்தைத் தருவதோடு, ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் கட்டிப்போட்டுவிடுகிறது.

கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்புறத்தை உள்நோக்கிச் சாய்ப்பது, முன்சக்கரத்துக்கு மட்டும் பயன்படும். ஸ்விஃப்ட் போன்ற கார்களின் பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை டார்ஷன் பீம் என்பதால் அங்கே சரிசெய்யும் வசதி கிடையாது. ஒரு டிகிரி சாய்த்தால் டயரின் உச்சி சுமார் 5 மி.மீ. உள்ளே போகும். ஸ்ட்ரட்டையும், ஹப்பைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் மேலுள்ளதற்குப் பதிலாகக் கேம்பர் போல்ட் போடுவது மலிவான வழி. ஆனால் அப்படிச் செய்யும்போது, சக்கரம் ஸ்ட்ரட்டை நோக்கிச் சாய்வதால் உட்பக்க இடைவெளி குறைந்துவிடும். மேலே, ஸ்ட்ரட்டின் தலை பொருந்தும் டவரில் பொருத்தும் கேம்பர் தட்டாக இருந்தால், ஸ்ட்ரட்டும் சக்கரமும் சேர்ந்தே சாய்வதால் அந்த இடைவெளி அப்படியே இருக்கும். உட்பக்கம் ஏற்கெனவே நெருக்கமாக உள்ள வண்டியில் கேம்பர் போல்ட் போட்டுவிட்டு, ‘வெளியே நின்றது, உள்ளே ஆரம்பித்துவிட்டது’ என்று திகைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள். எந்த வழியானாலும், கேம்பரைத் தொட்டால் டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் நேர்கோட்டிலிருந்து திரும்பியிருக்கும் கோணமும்) மாறும்; அன்றே வீல் அலைன்மென்ட் செய்யாவிட்டால் டயரின் உள்விளிம்பு சில ஆயிரம் கிலோமீட்டரில் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிடும்.

ஸ்பேசர் உட்பக்க உரசலுக்கு மட்டுமே மருந்து. வெளியே இடிக்கும் வண்டிக்கு அது நோயைக் கூட்டும். நட்டு எத்தனை சுற்று ஏறுகிறது என்பதைக் கையால் எண்ணிப் பாருங்கள். 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டு குறைந்தது 12 மி.மீ. பிடித்திருக்க வேண்டும், 1.25 மி.மீ. மரையில் அது ஏறத்தாழ 10 முழுச் சுற்று. 5 மி.மீ. ஸ்பேசர் ஒன்று அதில் 4 சுற்றைத் தின்றுவிடும். 10க்குக் குறைந்தால் நீளமான ஸ்டட் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஸ்பேசரைக் கைவிட வேண்டும். ஹப்பின் நடுத்துளையோடு கச்சிதமாகப் பொருந்தாத, எல்லா வண்டிக்கும் ஆகும் என்று நீள்துளைகளோடு விற்கும் ஸ்பேசரை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

சக்கர வளைவின் உள்மடிப்பை மடக்கும் வேலையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதைத் திரும்பப் பெற முடியாது என்பதே. பின்சக்கர வளைவில் அந்த மடிப்பு, உள்தகடும் வெளித்தகடும் ஸ்பாட் வெல்டால் சேரும் இடம். தண்ணீர் போகாமல் இருக்க அங்கே சீலன்ட் பூசியிருப்பார்கள். மடக்கும்போது அது வெடித்து, மழைநீர் தகடுகளுக்கிடையே இறங்கி, வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போதுதான் துரு இருப்பதே தெரியவரும். கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். செய்தே ஆக வேண்டும் என்றால், ஹப்பில் பொருத்தி உருளையால் அழுத்தும் கருவியைக் கொண்டு, பெயின்டை ஹீட் கன்னால் தொடர்ந்து சூடாக வைத்தபடி, ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது சிறிதாகப் பல சுற்றுகளில் மடக்க வேண்டும். மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் அடிக்கும் டிங்கர் கடையில் வேலை அரை மணியில் முடியும். வெளித்தகடு அலையலையாக நெளிந்திருப்பதை மாலை வெயிலில் பார்ப்பீர்கள். மடக்கியபின் அன்றே சீம் சீலரும் பிரைமரும் பெயின்டும் பூச வேண்டும்.

என் வண்டியில் வெட்டும், மடக்கும் வேலை எதுவும் தேவைப்படவில்லை. 7ஜே வீல்களை அகலம் தாங்கும் பெரிய காருக்குத் தேடியவர் ஒருவருக்கு நட்டத்தில் விற்றுவிட்டு, மேலே கணக்குப் போட்ட 6.5ஜே, ஈடி 40 வீலையும் 195/55 டயரையும் மாட்டி, பின்பக்க ஸ்பிரிங்கை மட்டும் பழையதாக்கினேன். பிறகு பின்சக்கர வளைவுகளின் உள்மடிப்பில் சாக்பீஸ் தேய்த்து, அதே நான்கு பேரோடு மீண்டும் மலை ஏறினேன். கீழே இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தபோது இடப்பக்கத்தில் வெள்ளைக் கோடு முழுதாக இருந்தது; வலப்பக்கத்தில் விரல்நுனி அகலத்துக்கு மங்கியிருந்தது. அது டயர் பட்டதா, தெறித்த சேறா என்று தெரியாததால் அந்த இடத்தில் மாவை ஒட்டி மறுபடியும் ஓட்டினேன். 6 மி.மீ. மிச்சமிருந்தது. 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளைக் கையேட்டில் கண்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் மீண்டும் முறுக்கி, பிரேக் ஹோஸை இரு பக்கமும் தடவிப் பார்த்தபின்தான் பழைய வீல்களைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினேன்.